எல்லையாற்றில் ஒரு கூடை

கனகாம்பிகை டீச்சருக்குத் தண்ணீர் என்றால் பயம். பிறந்தது வடக்கே தீவுப் பகுதியில். நாலு பக்கமும் கடல். ஆனால் அந்த ஊரில் பெண்பிள்ளைகள் கடலில் இறங்குவதில்லை. கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்ததும் போத்தல்களுக்குள் ஊறிக்கிடந்த தவளையையும் மீனையும் வைத்துத்தான். ஓடும் தண்ணீரில் உயிரோடு நிற்கும் ஒரு மீனைப் பெல்மதுளைக்கு வந்த பிறகே நிதானமாகப் பார்த்தேன் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "சிரியாதேங்கோ, எனக்குப் பட்டம் தந்த ஆக்களும் பாக்கேல்லை" என்பார்.

பல ஊர்களில் அலைந்துவிட்டு, சென்ற வருடம் நான் திரும்பி வந்தபோதும் அவர் அதே பாடசாலையில்தான் இருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் பலர் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டீச்சரும் ஊருக்குப் போனார். தவணை தொடங்கியதும் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது. "அங்கை ஆறு இல்லை" என்றார் என்னிடம். குடை, இறப்பர் செருப்பு, அட்டைக் கடிக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்த சவர்க்காரத் துண்டு எல்லாம் பழையபடி. பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போவதும் பழையபடி. ஒன்று மட்டும் இல்லை. அவர் இப்போது கம்பு நடுவதில்லை.

அதற்குக் காரணம் 1976 செப்டெம்பரில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த வருடம் உயர்வகுப்புப் பாடத்திட்டம் புதிது. ஒவ்வொரு மாணவரும் தன் சுற்றாடலில் எதையாவது நேரில் ஆராய்ந்து ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். செய்யாதவர் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்பது ஒரு மர அலுமாரி. அதன் சாவியும் தொலைந்திருந்தது. உயிரியல் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். நான் தோட்டத்துக் கிளாக்கரின் மகள். நபீலா, பெல்மதுளைச் சந்தியில் மாணிக்கக் கல் வாங்கி விற்கும் சாலி முதலாளியின் மகள். மூன்றாமவள் இலட்சுமி, எங்கள் இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து உயர்வகுப்புவரை வந்த முதல் பெண்பிள்ளை. அவளுடைய அப்பா இராமசாமி இறப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். லயத்து ஆட்களுக்குச் சங்கத் தலைவரும் அவர்தான்.

டீச்சர் எங்களை நிறுத்திவைத்துக் கேட்டார்: "உங்கட ஊரிலை ஒருத்தருக்கும் பதில் தெரியாத கேள்வி ஏதும் இருக்கோ?"

இலட்சுமி சொன்னாள்: "எங்க ஆத்துல பக்டரிக் கழிவுக் கானு வந்து விழுற எடத்துக்கு மேல மீன் இருக்கு டீச்சர். கீழ இல்ல."

"இறப்பர்ப் பால் கழுவுற தண்ணிதானே. அதுல என்ன கேள்வி?" என்றாள் நபீலா.

"நீ கண்டனியோ?"

"எல்லாரும் சொல்றாங்க டீச்சர்."

"எல்லாரும் சொல்லுறது படிப்பில்லை. போய்ப் பாப்பம்."

அந்த ஆற்றை லயத்தில் எல்லையாறு என்பார்கள். இந்தப் பக்கம் தோட்டம். அந்தப் பக்கம் சிங்களக் கிராமமும் வயலும். தோட்டத்துக் கரையை ஒட்டி இறப்பர் நடாமல் விட்ட ஒரு காட்டுத் துண்டு இருந்தது. அங்கேதான் முதல் நாள் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனோம். முழங்கால் தண்ணீரில் நின்று அவர் நடுங்கியதையும், காலில் ஏறிய அட்டையைக் கண்டு போட்ட சத்தத்தையும் நபீலா ஒரு கிழமை வகுப்பில் நடித்துக் காட்டினாள். ஆனால் டீச்சர் அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும்.

அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தார் என்று எழுதினால் பொய். அவருக்கும் தெரியாது. ஆற்றுக் கல்லை முதன்முதலில் புரட்டியபோது அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தட்டையான பூச்சியைப் பார்த்து, "இது என்ன சாமான்?" என்று எங்களிடமே கேட்டார். கேட்டவர் கல்லைத் திரும்ப வைக்கவில்லை. அப்படியே குந்திக்கொண்டு அது எந்தப் பக்கம் தலையை வைக்கிறது, தண்ணீர் வேகமாக அடித்தால் எப்படிப் பதுங்குகிறது என்று பார்த்தார். வரைந்து முடிக்கும்வரை புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டார். மணலைக் கோத்துக் கூடு கட்டி அதற்குள் இருக்கும் புழுவைப் பிறகு கண்டோம். சிவந்த ஒரு சின்ன மீனை இலட்சுமி சிங்களப் பெயரால் புலத்ஹப்பயா என்றாள். வெற்றிலை போட்டவன் என்று அர்த்தம். டீச்சருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

பூச்சிகளைப் பிடிக்க வலை இல்லை. நபீலா தன் வாப்பாவின் கடையிலிருந்து ஒரு மூங்கில் கூடை கொண்டுவந்தாள். மாணிக்கம் தோண்டுகிறவர்கள் கல்லும் மண்ணும் அரிக்கிற கூடை. ஆற்றடிக் கல்லை அள்ளி, நீரோட்டத்தில் சுழற்றிச் சேற்றைப் போக்கி, மிஞ்சியதை வெள்ளைப் பீங்கான் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு எடுப்போம். எடுத்து முடித்ததும் கூடையிலிருந்த கல்லை டீச்சர் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார். முன்னால் கொட்டினால் அடுத்த கூடை அள்ள வேண்டிய இடம் கலங்கிவிடும்.

"வாப்பா பாத்தா நெஞ்சடைச்சிப் போவார் டீச்சர். கல்லப் பாக்காமலே வீசுறீங்க!"

"உங்கட வாப்பா பூச்சியைப் பாக்காமல் வீசுறாரெல்லே. அவருக்குத்தான் நட்டம்."

கானுக்கு மேலே மூன்று இடம், கீழே இரண்டு இடம் என்று தெரிவுசெய்தோம். ஒவ்வோர் இடத்திலும் கரையில் கயிற்றால் ஒரு சதுரம் போட்டுச் செடிகளை எண்ணுவோம். நேரே கீழே ஆற்றில் கூடை போடுவோம். வெயில் காலத்தில் ஒரு தடவை, முதல் மழையில் ஒரு தடவை, வருடக் கடைசிப் பெருமழை முடிந்ததும் ஒரு தடவை. மூன்றும் ஒரே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இடம் தவறாமலிருக்கக் கமுகம் கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். பாடசாலை விளையாட்டுப் போட்டியின் பழைய கொடியைக் கிழித்தது டீச்சர்தான்.

ஆகஸ்டு விடுமுறை முடிந்து வந்த கிழமை, வெள்ளிக்கிழமை காலை, இலட்சுமி வகுப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் அழவில்லை. கோபமாகச் சொன்னாள்.

"திங்கக்கிழமையிலிருந்து நா வர மாட்டேன். அப்பா எம் பேர பால்வெட்டு வேலைக்குக் குடுக்கப் போறாரு."

முந்திய நாள் மாலை கிராமத்திலிருந்து சுமனதாச என்பவர் ஆட்களோடு ஆற்றைக் கடந்து லயத்துக்கே வந்துவிட்டார். கையில் எங்கள் கம்பு ஒன்று. அவர் பாடசாலை விடுமுறையின்போது கரையோரம் மாட்டைத் தேடி வந்தவர், சிவப்புத் துணி கட்டிய கம்புகளைக் கண்டிருக்கிறார். அந்தப் பகுதியில் ஆற்றங்கரையில் அப்படிக் கம்பு நட்டால் ஒரே அர்த்தம்தான்: யாரோ மாணிக்கக் குழி தோண்ட இடம் பிடித்திருக்கிறார்கள். விசாரித்தால் ஒரு டீச்சர், சில பெண்பிள்ளைகள், கல் அரிக்கும் கூடை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சாலி முதலாளியின் மகள். வேறு சாட்சி வேண்டுமா? பெண்பிள்ளைகளை விட்டுக் கல் பார்க்கிறான் சாலி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சுமனதாசவும் குழி தோண்டுகிறவர்தான். ஆனால் இந்த ஆற்றை அவர் தொட்டதில்லை. குழி விழுந்தால் கரை சரியும். கீழேயுள்ள வயல் முழுக்கச் சேறாகும். "தோண்டினால் கம்பைப் பிடுங்குவதோடு நிற்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

லயத்து ஆட்களுக்குப் பயம் வேறு விதம். முந்தைய வருடம்தான் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. எங்கோ ஒரு தோட்டத்தை அளந்து கிராமத்தாருக்குப் பிரித்தார்கள், லயத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள் என்று கதைகள் வந்துகொண்டேயிருந்தன. அளக்கிறவர்கள் முதலில் நடுவது கம்பு. இலட்சுமி அந்தக் கம்புகளுக்கு நடுவே கயிறு பிடித்ததைப் பால்வெட்டுக்குப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். இப்போது கிராமமும் கோபத்தோடு வந்து நிற்கிறது. ஒரு பிள்ளையின் படிப்புக்காக லயத்துக்கு நெருப்பு வைக்க விடுவதா என்று கோயிலடியில் கூடி இராமசாமியை நெருக்கினார்கள். அவர் தலைவர், தன் மகளுக்கென்று வேறு நியாயம் பேச முடியாது. படிப்பை நிறுத்துகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார்.

டீச்சர் அன்று பாடம் நடத்தவில்லை. பாடசாலை அதிபரிடம் போனார். விளக்கமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், அனுப்பிவைப்போம் என்றார் அதிபர்.

"ஆருக்கு, ஐயா? ஆத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். எங்களிடம் சொன்னார்: "கம்பு நட்டது நான். நானே போறன்."

பாடசாலை விட்டதும் லயத்துக்குப் போனோம். இராமசாமி உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, படிக்கட்டும்னுதான் அனுப்புனேன். ஆத்துல கம்பு நடவா அனுப்புனேன்?"

"அது பரீட்சைக்குத்தான், அண்ணை. செய்யாட்டி எழுத ஏலாது."

"பரிச்ச எழுதாட்டி எம்புள்ளைக்கி மட்டுந்தான் நட்டம். இங்க எத்தன வூடு இருக்குன்னு பாத்தீங்களா?"

டீச்சர் வரிசையாக நின்ற காம்பரா வீடுகளைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர், "அளந்து முடிச்சாச்சா தாயி? எங்கள எப்ப லொறியில ஏத்துறாங்க?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பாக இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை கிராமத்து ஆக்களை ஆத்தடிக்கு வரச்சொல்லுங்கோ" என்றார் டீச்சர். "நான் என்ன செய்யிறன் எண்டு எல்லாரும் வந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் நிப்பாட்டிறதெண்டால் நிப்பாட்டுங்கோ."

இராமசாமி வாசல்களில் நின்றவர்களைப் பார்த்தார். கடைசியில், "சொல்லி அனுப்புறேன். ஆனா நா எந்தப் பக்கமும் பேச மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை இல்லை, தண்ணீர் தெளிந்திருந்தது. தோட்டத்துக் கரையில் லயத்து ஆண்கள். எதிர்க்கரையில் கிராமத்தவர்கள். சிலர் கையில் மண்வெட்டி, சிலர் இடுப்பில் கத்தி. வேலைக்குப் போகும் சாமான்தான், ஆனால் அன்று வேலை இல்லாத நாள். நடுவில் ஆறு. வீட்டில் சொல்லாமல் வந்திருந்த நான் வாகை மரத்தடியில் நின்றேன். இலட்சுமியை அப்பா தன் பக்கத்தில் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

சுமனதாச நரைத்த மீசைக்காரர். சத்தம் போடாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. டீச்சருக்குச் சிங்களம் அரைகுறை. நபீலா மொழிபெயர்த்தாள்.

"என்ன தேடுறீங்கன்னு கேக்கிறார் டீச்சர்."

"பூச்சி எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். எதிர்க்கரையில் யாரோ காறித் துப்பினார்கள்.

"பூச்சியத் தேட மாணிக்கக் கூடை எதுக்குன்னு கேக்கிறார்."

"வேறை கூடை கிடைக்கேல்லை எண்டு சொல்லு."

"டீச்சர், இத நா சொன்னா நம்ப மாட்டாங்க."

"உண்மையைத்தானே சொல்லுறாய். சொல்லு."

சொன்னாள். நம்பவில்லை. சுமனதாச யோசித்துவிட்டு நீளமாக ஏதோ பேசினார். நபீலாவின் முகம் மாறியது.

"செஞ்சு காட்டச் சொல்றார். ஆனா நாங்க எடுக்கிற எடத்துல இல்லையாம். அவர் காட்டுற எடத்துலயாம்." அவள் கை நீட்டிய இடத்தைப் பார்த்தோம். வளைவில் தண்ணீர் கறுத்துக் கிடந்த மடு. "அங்க அடியில நல்ல கல்லு இருக்குன்னு அவங்கட ஆக்கள் சொல்றதாம். கல்லு தேடுற ஆள்ட கண்ணு எங்க போகும்னு அவருக்குத் தெரியுமாம். பாத்துக்கிட்டு நிப்பாராம்."

"நான் எறங்குறேன்" என்றாள் இலட்சுமி. இராமசாமியின் பிடி இறுகியது.

"நா போறேன் டீச்சர்" என்றாள் நபீலா. மறுகரையிலிருந்து உடனே சத்தம் வந்தது. சாலியின் மகள் கை வைக்கக் கூடாதாம்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். சேலையை இழுத்துச் செருகினார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை பழகிய தண்ணீர். அதற்குப் பிறகு ஒவ்வோர் அடிக்கும் நின்றார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது வாயால் மூச்சு விடுவது கரையிலிருந்த எங்களுக்குக் கேட்டது. ஒரு கால் வழுக்கியது. நபீலா, "யா அல்லாஹ்" என்றாள். டீச்சர் விழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் தண்ணீரைத் தொடுமாப்போலக் குனிந்து, கூடையை அடியில் செலுத்தி அள்ளினார்.

திரும்பி ஆழமில்லாத இடத்துக்கு வந்தபோது அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. சுமனதாச தண்ணீரில் இறங்கி நடந்துவந்து இரண்டு முழத் தூரத்தில் நின்றார். அவருடைய ஆட்களும் பின்னால் வந்து அரைவட்டமாகச் சூழ்ந்தார்கள். டீச்சர் கூடையை நீரோட்டத்தில் சுழற்றினார். சேறு போனது. நீலமும் மஞ்சளும் கறுப்புமாகக் கல் மிஞ்சியது. அத்தனை கண்ணும் அந்தக் கல்லில்.

டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"பிள்ளையள், ஓடிவாங்கோ! இதைப் பாருங்கோ! இவ்வளவு ஆழத்திலையும் வீடு கட்டியிருக்கு. அங்கை மணலாலை கட்டினது, இங்கை பார், சின்னக் கல்லாலை. ஏன் மாத்தினது? தண்ணி இழுக்காமல் பாரத்துக்கோ? தட்டைத் தா, தட்டைத் தா!"

நடுக்கம் நின்றுவிட்டது. சுற்றி நிற்பவர்களை அவர் மறந்துவிட்டார். சும்மா சொல்லவில்லை, அந்த முகத்தை எனக்குத் தெரியும். கூடு கட்டிய புழுவை ஒரு புல் நுனியால் தூக்கித் தட்டில் விட்டார். தட்டைப் பூச்சிகளை எடுத்தார். ஒரு சின்ன நண்டை எடுத்தார். கல்லுக்கு நடுவே இனி ஒன்றும் இல்லை என்று நிச்சயமானதும், வழக்கம்போலக் கூடையைத் தூக்கி, தோளுக்கு மேலாக, திரும்பிப் பாராமல், கல் அத்தனையையும் மடுவுக்குள் வீசினார்.

"ஹை! ஹை! ஹை!"

சுமனதாசவின் ஆட்கள் இருவர் பாய்ந்தார்கள். ஒருவன் கையை விரித்துக் கல்லை ஏந்தப் பார்த்துக் குப்புற விழுந்தான். மற்றவன் மடுவுக்குள் மூழ்கி வெறுங்கையோடு எழும்பினான். இன்னொருவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆற்றில் அள்ளிய கல்லை ஒரு தடவையேனும் புரட்டிப் பார்க்காமல் வீசும் மனுசரை அவர்கள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன? என்ன நடந்தது? ஆருக்கும் பட்டதோ?"

சுமனதாச அவரையே பார்த்தார். "பிஸ்ஸுத நோனா?" என்றார். பைத்தியமா அம்மா என்று. கேட்கும்போதே அவர் மீசை துடித்தது. முதலில் சிரித்தது குப்புற விழுந்தவன்தான். பிறகு அந்தக் கரை சிரித்தது. இந்தக் கரையில் சிரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினார்கள். அன்று லயத்தில் டீச்சரைக் கேலி செய்த கிழவர் தொடங்கிவைத்தார்.

இராமசாமி சிரிக்கவில்லை. மகளின் கையையும் விடவில்லை.

சுமனதாச தட்டுக்குள் பார்த்தார். கல் வீட்டுப் புழு தலையை நீட்டியது. விரலால் தொடப் போய் நிறுத்திக்கொண்டார். பிறகு நபீலாவிடம் சொன்னார்: பூச்சி பார்ப்பதென்றால் பாருங்கள். ஆனால் கம்பு நிற்கக் கூடாது. இன்றைக்கு நான் நம்பிவிட்டேன். நாளைக்கு வேறு ஒருவன் இந்தக் கம்பைக் கண்டு, இங்கே கல் இருக்கிறது என்று உண்மையாகவே தோண்ட வருவான். அப்போது நான் யாரைப் பிடிப்பது?

"கம்பில்லாட்டிக் கடைசித் தரவு எடுக்க ஏலாது" என்றார் டீச்சர், எங்களிடம் மெதுவாக. "மழை கரையை மாத்திப்போடும். எந்த இடம் எண்டு எப்பிடித் தெரியும்?"

இரண்டு கரையும் காத்திருந்தது.

டீச்சர் கரையேறினார். முதல் கம்பை இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கினார். பிறகு அடுத்தது. ஒன்றை ஏற்கெனவே சுமனதாச பிடுங்கியிருந்தார். மிச்ச எல்லாவற்றையும் தன் கையாலேயே பிடுங்கி, சிவப்புத் துணிகளை அவிழ்த்து, கம்புகளை இராமசாமியின் காலடியில் போட்டார். "அடுப்புக்கு வைச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

இராமசாமி கம்பைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்" என்றார். "ஆத்துப் பக்கம் வேணாம். அவ்வளவுதான்."

இலட்சுமி திங்கட்கிழமை வந்தாள். ஆனால் பாதித் தீர்வு எத்தனை கொடுமை என்பது அந்தத் தவணை முழுவதும் தெரிந்தது. கடைசித் தரவு இல்லாமல் செயற்றிட்டம் இல்லை. செயற்றிட்டம் இல்லாமல் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் அப்பா பால்வெட்டுக்குப் பெயர் கொடுக்க வேறு காரணமே வேண்டாம். டீச்சர் அவளை ஆற்றுக்கு வா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பெருமழை வந்தது, ஆறு மஞ்சளாகப் பொங்கியது, வடிந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் நானும் நபீலாவும் டீச்சரும் போனோம். கரை அடையாளம் தெரியவில்லை. மணல் திட்டு இடம்பெயர்ந்திருந்தது. ஒரு மரம் ஆற்றுக்குள் சாய்ந்திருந்தது. முதல் இடம் இதுதான் என்றேன் நான். இல்லை அதுதான் என்றாள் நபீலா. சண்டை பிடித்தோம். டீச்சர் கூடையை வைத்துவிட்டு வேரில் உட்கார்ந்தார். பிழையான இடத்தில் எடுப்பதைவிட எடுக்காமல் விடலாம் என்றார். குரலில் சத்தே இல்லை.

இறப்பர் மரங்களுக்கிடையே சருகு மிதிபட்டது. இராமசாமி வந்தார். பின்னால் இலட்சுமி.

"வூட்ல இருந்துகிட்டே வழி சொல்லுது டீச்சரம்மா. மொத எடம் கித்துள் மரத்துக்குக் கீழங்குது. ரெண்டாவது எடத்துல ஒரு பன்னச் செடி ரெட்டையா மொளைச்சிருக்குங்குது. ராவும் பகலும் இதே தொல்ல." அவர் எங்களைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்தார். "சுருக்கா முடிங்க. நா நிக்கிறேன்."

அவர் ஆற்றைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். சற்று நேரத்தில் எதிர்க்கரையில் மாட்டோடு சுமனதாச வந்தார். அவரும் நின்றார். இருவரும் தலையசைக்கவுமில்லை, போகவுமில்லை.

இலட்சுமி கரையோரம் குந்தி, செடிகளை விலக்கி விலக்கி நகர்ந்தாள். கித்துளுக்குக் கீழே ஓர் இடத்தில் கையை வைத்தாள். கம்பு நின்ற குழி, மண் மூடியபடி, அங்கே இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் குழியைத் தேடவில்லை. அவள் காட்டிய இடமெல்லாம் எங்களுக்கும் தெரியத் தொடங்கியது. கம்பு நின்ற காலத்தில் நாங்கள் துணியைத் தேடினோமே தவிரச் செடியைப் பார்க்கவில்லை என்றார் டீச்சர்.

நாலாவது இடம் கானுக்குக் கீழே. முன்னிரண்டு தடவையும் அங்கே சிவப்புப் புழுவைத் தவிர எதுவும் இருந்ததில்லை. இலட்சுமி கூடை போட்டாள். சுழற்றினாள். குனிந்தவள் அசையவில்லை.

"டீச்சர், தட்டைப் பூச்சி!"

கல்லில் கல்லாக ஒட்டிக்கொண்டு மூன்று. ஐந்தாவது இடத்தில் அவற்றோடு கல்லால் கூடு கட்டிய புழு ஒன்றும். நான் நபீலாவைக் கட்டிப்பிடித்தேன். டீச்சருக்குச் சந்தேகம். "மழை அடிச்சுக்கொண்டு வந்ததோ? இல்லாட்டி... கானிலை தண்ணி குறைவோ?"

இலட்சுமி கானைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அவள் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்கியது. அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

"மழையில பால்வெட்டு இல்லைல டீச்சர். ஒரு மாசமா பக்டரி சரியா ஓடல." நிறுத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் முடித்தாள்: "எங்கப்பாவுக்கு வேல இல்லாத நாள்லதான் ஆத்துக்கு உசுரு வருது."

இராமசாமிக்குக் கேட்டுவிட்டது. திரும்பினார். டீச்சர் எழுந்து நின்றார். நபீலா என் கையைப் பிடித்தாள். இந்த ஒரு வசனத்துக்காக அவர் இப்போதே மகளை இழுத்துக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கூலி இல்லாத அந்த ஒரு மாதம் அவர்கள் வீட்டில் எப்படிக் கழிந்தது என்று எங்களுக்கும் தெரியும்.

அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். தட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். கல் வீட்டுப் புழு தலையை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. நெடுநேரம் பார்த்தார்.

"இதத்தான் எழுதப் போறியா?"

இலட்சுமி தட்டையே பார்த்தாள்.

"எழுது" என்றார். "கண்டதத்தானே எழுதணும். மழைன்னு பூசி மொழுகாத."

தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, கரையேறி, முன்பு நின்ற இடத்திலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இலட்சுமி தட்டைக் கல்லின் மேல் வைத்தாள். கூடையைத் தூக்கினாள். தோளுக்கு மேலாகக் கல்லை வீசினாள், திரும்பிப் பார்க்கவில்லை.